இரவில் ஊறும் காலையுணவு

எங்கள் வீட்டில் காலையுணவு என்பது நெடுங்காலமாக முந்தைய நாளே தொடங்கிவிடும் ஒன்று. நண்பகலில் அரிசியும் உளுந்தும் ஊறும். மாலையில் கிரைண்டர் ஓடும். இரவில் மாவு பொங்கும். காலையில் இட்லித் தட்டு அடுப்பேறும். இந்த வரிசை முழுவதும் அம்மாவின் கையில் இருந்தது. நாங்கள் செய்ததெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடியதுதான். அம்மா எப்போது சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்பதை நாங்கள் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலி வந்து அடுப்படியில் நிற்க முடியாமற்போனபின் சமையலறை எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஏழரை மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். அவசரமாக ஓர் உப்புமாவைக் கிளறி ஹாட்பாக்ஸில் வைப்போம். பக்கத்தில் சர்க்கரை மாத்திரை, ஒரு சொம்புத் தண்ணீர். மாலையில் வந்து பார்த்தால் ஹாட்பாக்ஸ் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அம்மா சாப்பிட்டுவிட்டார் என்று நிம்மதியாக இருந்தோம்.

ஒரு மழைக்காலக் காலையில் பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பக்கத்து வீட்டு அக்கா விவரம் தெரிந்தவர். வீட்டிலிருந்த கருவியில் சர்க்கரையைப் பார்த்திருக்கிறார். 54. உடனே சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார். நாங்கள் வந்து சேர்வதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரையை விழுங்கியவர் உப்புமாவைத் தொடவில்லை. அன்று மட்டுமல்ல, பல நாட்களாகவே அது காக்கைக்கும் தெருவில் வரும் மாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்மா இப்படி?" என்றோம்.

"ஆறிப்போன உப்புமாவத் தனியா உக்காந்து என்னத்தத் திங்கிறது?" என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. முப்பது வருடங்கள் அவர் எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாக உட்கார்ந்து ஆறிய இட்லியைத் தின்றிருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை மாத்திரைகளில் சில, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. அவற்றை விழுங்கிவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் இரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கும். மாத்திரையை மாற்றி எழுதித் தந்தார். "ஆனாலும் காலைச் சாப்பாடு தவறக் கூடாது" என்றார்.

முதல்நாள் இரவே செய்து வைத்துவிடக்கூடிய காலையுணவைத் தேடியது அப்படித்தான். பழைய சோறுதான் முதலில் நினைவுக்கு வந்தது. சோற்றின் அளவை மருத்துவர் குறைக்கச் சொல்லியிருந்ததால் அதைத் தினசரி உணவாக்க முடியவில்லை. கேழ்வரகுக் கூழை இரண்டு நாள் கரைத்துக் கொடுத்தோம். "பஞ்சத்துல குடிச்சது போதும்டா சாமி" என்று தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் நண்பர் ஒருவர் சியா விதையில் புட்டிங் செய்யச் சொன்னார். எலுமிச்சை, ஆரஞ்சு மணத்தோடு செய்தால் வயதானவர்களுக்கும் வாய்க்கு நன்றாக இருக்கும் என்றார்.

எங்களுக்கு அதில் கொஞ்சம் ஏளனம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கம்பும் தினையும் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு மெக்சிகோ விதையை வாங்கி ஊற வைப்பதா என்று தோன்றியது. ஆனால் ஹாட்பாக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 54 கண்முன் வந்து நின்றது. வாங்கினோம்.

முதல் முயற்சி முழுத் தோல்வி. காய்ச்சி ஆற வைத்த பாலில் விதையைப் போட்டு, புளிப்புக்கு இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். காலையில் திறந்தால் தண்ணீர் தனியாகவும் திப்பிகள் தனியாகவும் மிதந்தன. புளிப்பு ஓரளவுக்கு மேல் ஏறினால் பாலில் உள்ள கேசின் என்ற புரதம் திரண்டு பிரிந்துவிடும். பன்னீர் செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வதை நாங்கள் தெரியாமல் செய்திருந்தோம். அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"பாலுன்னா திரியத்தான் செய்யும். தயிர்ல போட வேண்டியதுதானே? அது ஏற்கெனவே திரிஞ்சதுதானே?"

இரண்டு முதுகலைப் பட்டங்களுக்குத் தோன்றாதது இது.

அதன்பின் விதையைக் கையில் கொட்டிப் பார்த்தார். "இது திருநீத்துப்பச்சிலை விதையில்ல? சர்பத்துல போடுவாங்களே?" என்றார். அவர் கேட்டது பாதி சரி. சர்பத்திலும் பலூடாவிலும் மிதக்கும் சப்ஜா விதை திருநீற்றுப்பச்சிலையின் விதை. இலங்கைத் தமிழர்கள் அதைக் கசகசா என்றே சொல்வார்கள். சியாவும் அதே துளசிக் குடும்பத்துச் செடிதான், ஆனால் வேறு இனம். சப்ஜா ஒரே கறுப்பாக இருக்கும், தண்ணீர் பட்ட சில நிமிடங்களிலேயே பருத்துவிடும். சியா சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்டு இருக்கும். அது மெல்ல ஊறித் தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நீரை உறிஞ்சி, சுற்றியுள்ளதையும் கூழாக்கும். சப்ஜா நீரில் முத்து முத்தாக மிதப்பதும் சியா புட்டிங்காக இறுகுவதும் இதனால்தான்.

"எந்த ஊரு விதை?" என்று அம்மா கேட்டபோது கதையைச் சொன்னோம். தென் மெக்சிகோவும் குவாத்தமாலாவும் இதன் பிறந்த மண். அஸ்டெக் மக்களுக்குச் சோளம், அவரை, தண்டுக்கீரை விதை ஆகியவற்றோடு இதுவும் முதன்மையான தானியம். பேரரசுக்கு ஊர்கள் திறையாகச் செலுத்திய பொருள்களில் இதுவும் ஒன்று. 1753இல் லின்னேயஸ் இதற்குத் தாவரவியற்பெயர் இட்டபோது 'ஸ்பெயின் நாட்டது' என்ற பொருளில் ஹிஸ்பானிகா என்று எழுதிவைத்தார். பிறந்த ஊரை இழந்த பெயர் அது. மெக்சிகோவில் இன்றும் இந்த விதையைத் தண்ணீரில் ஊற வைத்து எலுமிச்சை பிழிந்து குடிக்கிறார்கள்.

அந்த எலுமிச்சை அங்கே பிறந்ததன்று. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் எல்லாம் ஆசியாவின் பிள்ளைகள். கொலம்பஸ் 1493இல் தம் இரண்டாம் பயணத்தின்போது அவற்றின் விதைகளை அத்திலாந்திக்குக்கு அப்பால் கொண்டுபோனார். ஸ்பானிய மொழி ஆரஞ்சை நாரஞ்சா என்கிறது. அரபி, பாரசீகம் வழியே பின்னோக்கிப் போனால் வடமொழியின் நாரங்கம். அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கக்கூடும் என்பது அகராதியாளர் பலர் கருத்து. நம் நார்த்தங்காயை நினைத்துக்கொண்டால் போதும். இங்கிருந்து பழம் அங்கே போயிற்று, அங்கிருந்து விதை இங்கே வந்திருக்கிறது.

அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "மிளகாயும் அங்கேருந்து வந்ததுதான்னு நீதானே சொன்ன? அதத் திங்கலையா?" என்றார். எங்கள் ஏளனம் அத்தோடு ஓய்ந்தது.

இனி, செய்முறை. மூன்று பேருக்கு ஐந்து மேசைக்கரண்டி சியா, ஏறத்தாழ 60 கிராம். முந்நூற்றைம்பது மில்லி புளிக்காத தயிரை நூற்றைம்பது மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்து, ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்க வேண்டும். ஓர் எலுமிச்சையின் மேல்தோலை மட்டும் மெல்லியதாகத் துருவிப் போட வேண்டும். மணம் தரும் எண்ணெய் அந்த மஞ்சள் தோலில்தான் இருக்கிறது. அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். விதையைத் தூவிக் கலக்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி கலக்குவது முக்கியம். இந்த இரண்டாவது கலக்கலை மறந்தால் அடியில் கட்டி தட்டிவிடும். மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு உறங்கப் போகலாம். காலையில் முன்னதாகவே வெளியே எடுத்துக் குளிர்ச்சியைத் தணித்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி நனைத்த அவலும், தோலுரித்த ஆரஞ்சுச் சுளைகளும் சேர்த்தால் ஆயிற்று. தயிர்ச் சோற்றில் மாதுளை முத்துகளைத் தூவுகிறவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. இஞ்சியும் கடுகும் தாளித்துக் கொட்டுவது அம்மாவின் திருத்தம். சர்க்கரை இல்லை. எங்களுக்குப் புட்டிங், அம்மாவுக்கு 'ஊறல்'.

ஒருவர் பங்கில் 20 கிராம் விதை வரும். அதில் நார்ச்சத்து ஏறத்தாழ 7 கிராம், புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல். ஊறிய விதையின் கூழ் வயிற்றில் செரிமானத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை திடீரென்று ஏறுவது குறையும். இது மருந்துக்கு மாற்று இல்லை. அம்மாவுக்கு முதல் வாரம் ஒரு தேக்கரண்டி விதையில்தான் தொடங்கினோம். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார் மருத்துவர். இரத்த அழுத்த, கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றின் வேலையில் கிரேப் புரூட்டும் பம்பளிமாஸும் குறுக்கிடும் என்பதால் அவற்றை விலக்கச் சொன்னார்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். விதையை ஊற வைக்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அப்படி ஒரு மேசைக்கரண்டி விழுங்கிய 39 வயது மனிதர் ஒருவருக்கு விதை உணவுக்குழாயிலேயே பருத்து அடைத்துக்கொண்டதை 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். விழுங்குவதில் சிரமமுள்ள முதியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதிருப்பதே நல்லது.

இந்த உணவு எங்களுக்கு மிச்சப்படுத்தித் தந்தது காலையில் இருபத்தைந்து நிமிடங்கள். முதலில் அதைத் தூங்குவதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் திட்டமிட்டோம். ஆனால் முதல் நாள் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போய், மாலையில் திரும்பினால் பாதி அப்படியே இருந்தது. ஹாட்பாக்ஸில் ஆறியதற்கும் இதற்கும் அம்மாவைப் பொறுத்தவரை வேறுபாடு இருக்கவில்லை. அடுத்த நாள் மூன்று கிண்ணங்களை எடுத்து வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். கிண்ணம் காலியாயிற்று. விதையில் ஒமேகா இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று நாங்கள் படித்து வைத்திருந்த எதுவும் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்யவில்லை.

அப்போதிலிருந்து ஆறே முக்கால் மணிக்கு மூன்று நாற்காலிகளும் நிறைந்துவிடுகின்றன. அம்மாதான் அதிகம் பேசுவார். அவருடைய பிறந்த வீட்டு நார்த்தை மரத்தைப் பற்றி, அதன் இலையில் இடித்த வேப்பிலைக்கட்டியைப் பற்றி, அதில் வேப்பிலையே கிடையாது என்பது பற்றி. இத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு இதைச் சொல்ல அவருக்கு ஒரு காலைப்பொழுது கிடைத்ததில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அவர் அறையிலிருந்து குரல் வரும்.

"ஊறப் போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

"ரெண்டாந்தரம் கலக்குனீங்களா?"

எழுந்துபோய்க் கலக்கிவிட்டு வருகிறோம்.