கோவளத்து மணல் யாருக்கு?

கோவளம் என்றால் பலருக்குக் கேரளம்தான் நினைவுக்கு வரும். நான் போனது சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், முட்டுக்காடு பாலம் தாண்டி இருக்கும் மீனவர் ஊருக்கு. தமீம் அன்சாரி தர்காவுக்கு வந்த கூட்டம் ஒரு பக்கம், கடல் பார்க்க வந்த கார்கள் ஒரு பக்கம். இரண்டையும் விலக்கிக்கொண்டு மீன்கூடையோடு பெண்கள் நடந்தார்கள்.

இந்தக் கரைமேல் வெளியாருக்கு எப்போதுமே ஒரு கண். 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்ட் கம்பெனி என்ற ஐரோப்பிய வணிக நிறுவனம் இங்கே வணிகம் நடத்தியது. ஆற்காட்டு நவாப் ஆட்சிக் காலத்தில் துறைமுகமும் கோட்டையும் எழுந்தன. கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தார், பிறகு ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் கோட்டை நிலத்தில் 1970களில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஓட்டல் வந்தது. மீனவரின் பெயர் பலகையில் ஏறியது; மீனவர் மதிலுக்கு வெளியே படகு தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அலைச்சறுக்கு வந்தபோதுதான் கதை கொஞ்சம் மாறியது. உள்ளூர் மீனவரான மூர்த்தி மேகவன் தானே பலகையேறிக் கற்று, குப்பத்துப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2013இல் அலைச்சறுக்குத் திருவிழாவே நடந்தது. கட்டணம் கொடுத்துக் கற்க வரும் நகரத்துப் பிள்ளைகளுக்கு இன்று ஆசான்கள் மீனவர் வீட்டு இளைஞர்கள்.

"எந்த அலையை விடணும், எதுல ஏறணும்னு எப்படித் தம்பி தெரியுது?" என்றேன் அவர்களில் ஒருவரிடம்.

"சின்னப் புள்ளையில அப்பாகூட போட்ல போவேன் சார். அலை பார்த்துத்தான போட்டையே தள்ளணும்."

2021இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தரம், குப்பை அகற்றல், உயிர்காப்பு என 33 அளவுகோல்களைத் தேறினால்தான் அந்தக் கொடி. கரை பளிச்சென்று இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் ஏலம் விடவும் மணல் வேண்டும்; சுற்றுலாவுக்கான ஒவ்வொரு குடிலும் நடைபாதையும் அதே மணலில்தான் இடம் கேட்கிறது. படகு நிற்க இடமில்லாமல் போனால், அப்பாவோடு கடலுக்குப் போன பிள்ளைகளும் இல்லாமல் போவார்கள். அப்புறம் கோவளம் யாரை வைத்து அலை கற்றுக்கொடுக்கும்?