கீழப்பழுவூரில் ஒரு தார்ப்பாய்க் கூரை

அரியலூரிலிருந்து தஞ்சை செல்லும் சாலையில், பழுவேட்டரையர் ஆண்ட பழம்பதியாம் கீழப்பழுவூரில் இறங்கினோம். ஆலந்துறையார் கோயிலின் கற்கூரை நூற்றாண்டுகளாக மழையைத் தாங்கி நிற்கின்றது. சற்றுத் தொலைவில், ஐப்பசிச் சூறைக்காற்றில் ஓடு பறந்த வீட்டில், மூதாட்டி ஒருவர் நெல் மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஓடு மாற்ற ஆள் வர ஒரு மாதமாகும், மழை பொறுக்குமா, ஐயா?" என்றார்.

அண்டை வீட்டு இளைஞர்கள் வந்தனர். முதலில் மின்சாரத்தை நிறுத்தினர். கூரை உலர்ந்த பின்னரே ஏணி வைத்தனர். தார்ப்பாயைத் திறப்பின்மேல் மட்டும் விரிக்காமல், முகட்டைத் தாண்டி மறுபுறமும் இறக்கினர். மேலிருந்து வழியும் நீர் அதனடியில் புகாதன்றோ! ஓரங்களை மரச்சட்டத்தில் சுருட்டி, இறவாரக் கைமரத்தில் ஆணியடித்தனர். கல்லேற்றவில்லை, காற்றில் உருண்டு எவர் தலையிலேனும் விழும். இரண்டிரண்டாகப் பிணைத்த மணல் மூட்டைகளை முகட்டின் இருபுறமும் தொங்கவிட்டனர்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த பின், எத்தனையோ குடும்பங்கள் தார்ப்பாயின் கீழ் நாட்களைக் கழித்ததை நினைத்துக்கொண்டோம்.

மாலையில் மழை பெய்தது. ஒரு மூலையில் மட்டும் சொட்டியது. பாட்டி அங்கே குண்டானை வைத்தார். நெல் நனையவில்லை.

அன்பர்களே, ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு தார்ப்பாயும் கயிறும் இருக்கட்டும். அண்டை வீட்டாருக்கு உதவும் கரங்களும் இருக்கட்டும்.