ஒன்று என்று சொல்வதற்கு முன்

போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கை எண்ணுகிறவருக்கு டாலி கிளார்க் என்று பெயர். நான் அந்த வேலைக்குப் போன காலத்தில் கண்டெய்னர் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. முதல் கண்டெய்னர் முனையம் 1973-இல் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அரிசி, சீனி, வெங்காயம், ரப்பர் எல்லாம் மூட்டையாகவும் கட்டாகவும்தான் ஏறின, இறங்கின. சரக்கறையின் வாயான ஒவ்வொரு ஹேட்சுக்கும் இரண்டு பேர் நின்று எண்ணுவோம், கப்பல் தரப்பில் ஒருவர், கரைத் தரப்பில் ஒருவர். ஷிப்டு முடிந்ததும் இருவர் தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒரு மூட்டை இடித்தாலும் கையெழுத்து விழாது.

தாளில் எழுதுவது ஆங்கிலம். வின்ச்காரருக்குக் குரல் கொடுப்பது மலாய். மனம் எண்ணியது தமிழில். இதை நான் வெகுகாலம் யாரிடமும் சொன்னதில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்தவர்கள் நிறைந்திருந்த இடத்தில், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கற்ற வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டுதான் இவன் எண்ணுகிறான் என்று தெரிந்துவிடக் கூடாது என்ற கூச்சம் எனக்கு இருந்தது. அதைவிட ஆழமாக ஒளித்துவைத்தது இன்னொன்று. என் எண்ணிக்கை 'ஒன்று' என்று தொடங்கியதில்லை. 'லாபம்' என்று தொடங்கியது.

அம்மா அப்படித்தான் அளப்பார். காப்பார் பக்கம் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் எங்கள் வீடு. அரிசி அளக்க வீட்டில் இருந்தது பழைய பால் டின். முதல் டின்னைக் கவிழ்க்கும்போது 'லாபம்' என்பார், அடுத்ததற்கு 'ரெண்டு', பிறகு 'மூணு'. தஞ்சாவூர்ப் பக்கத்துக் களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளந்தவர்கள் சொன்ன சொல் அது, கப்பலேறி வந்து பால் டின்னில் குடியேறியிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாக அரிசி கொடுக்கும்போதும் முதல் டின் லாபம்தான். "குடுக்கிறதுக்கு எதும்மா லாபம்?" என்று கேட்டேன். "மொதல்ல வர்றதுக்கு நல்ல வார்த்தை சொல்லணும்பா. வாங்குறவங்களுக்கும் அது லாபந்தானே" என்றார்.

ஆகவே எந்தக் கப்பல் வந்தாலும் முதல் மூட்டை எனக்கு லாபம். சரக்கு என்னுடையதில்லை, அதில் வரும் பணமும் என்னுடையதில்லை. ஆனாலும் அந்தச் சொல் வராமல் என்னால் இரண்டாவது மூட்டைக்குப் போக முடிந்ததே இல்லை.

கப்பல் தரப்பில் அடிக்கடி என்னோடு நின்றவர் பாண்டமாரானைச் சேர்ந்த ஹொக்கியன் பெரியவர். ஆபெக் என்றே அவரைக் கூப்பிட்டேன். நான் நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுவேன். அவர் ஐந்து கோடுகளால் ஆன ஒரு சீன எழுத்தை எழுதுவார். 'சரி', 'நேர்' என்று பொருள் தரும் எழுத்து அது. ஒரு மூட்டைக்கு ஒரு கோடு; எழுத்து முடிந்தால் ஐந்து மூட்டை. அந்த எழுத்தின் முதல் கோடு ஒரு படுக்கைக் கோடு. சீனத்தில் ஒன்று என்ற எண்ணும் அதே படுக்கைக் கோடுதான். அந்தக் கோட்டில் இன்னொரு கோட்டைச் சேர்த்தால் இரண்டாகிவிடும், குறுக்கே ஒன்று இழுத்தால் பத்தாகிவிடும் என்பதால், பணம் எழுதும் இடத்தில் கோடுகள் நிறைந்த வேறொரு 'ஒன்று' வைத்திருக்கிறார்கள். இதை அவர் என் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார்.

அவர் வாயிலும் இரண்டு ஒன்றுகள் இருந்தன. மூட்டையை எண்ணும்போது 'சிட் பாவ்', அதாவது ஒரு பொதி. தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது அதே ஒன்று 'இட்' ஆகிவிடும். ஏன் என்று கேட்டதற்கு, "அது வெறும் நம்பர். இது சாமான்" என்று மலாயில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பல நாள் மனத்தில் கிடந்தது.

வின்ச்சில் இருந்த மலாய்க்காரரிடமும் கேட்டேன். அவர் சொன்னது பள்ளிப் பிள்ளைகளும் இங்கே மனப்பாடம் செய்வதுதான். மலாயில் தனியாக எண்ணினால் 'சத்து'. பொருளோடு சேர்ந்தால் அது 'செ' என்று சுருங்கி, அந்தப் பொருளின் உருவத்தையும் கூடவே இழுத்துவரும். மீன் என்றால் 'செஎக்கோர்'. எக்கோர் என்பது வால். மரம் என்றால் 'செபாத்தாங்', ஒரு தண்டு. துணிக்கு 'செஹெலாய்'. முட்டைக்கு 'செபிஜி', ஒரு விதை. கப்பல் எவ்வளவு பெரிதானாலும் 'செபுவா', ஒரு பழம். மனிதருக்கு மட்டும் 'செஓராங்'. ஓராங் என்றால் ஆள். 'சத்து' என்ற சொல்லுமே 'ஒரு கல்' என்பதிலிருந்து வந்தது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். கல்லை வைத்து எண்ணிய கை அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. நாங்கள் எண்ணிய கோணி என்ற சொல்லுக்குள்ளும் ஒரு பழைய பயணம் இருக்கிறது. மலாய்க்காரர் அதை 'குனி' என்பார், ஆங்கிலக்காரர் 'கன்னி' என்பார். எல்லாம் இந்தியாவிலிருந்து போன ஒரே சொல்.

தமிழில் நமக்கு அப்படி எதுவும் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. வாலும் விதையும் தண்டும் நாம் கேட்பதில்லை. ஆனால் நாம் கேட்பது ஒன்று உண்டு, அது மற்ற எல்லாவற்றையும்விடக் கறாரானது. எண்ணப்படுவது உயர்திணையா, அஃறிணையா? மூட்டையானால் ஒன்று, ஆளானால் ஒருவர், ஒருவன், ஒருத்தி. மூட்டை இரண்டு, ஆட்கள் இருவர். வாயைத் திறப்பதற்கு முன்பே இதைத் தீர்மானித்தாக வேண்டும். இலக்கண வகுப்பில் படித்தபோது மதிப்பெண்ணுக்காகப் படித்தது இது. அதன் கனம் எனக்குப் புரிந்தது கப்பலில்.

அடைமழை கொட்டிய ஒரு சாயங்காலம். மழை வந்தால் அரிசிக் கப்பலில் ஹேட்சை உடனே மூட வேண்டும். மூடுவதற்கு முன் உள்ளே இறங்கிய அத்தனை பேரும் மேலே வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். மேற்பார்வை பார்த்த மண்டோர் அவசரத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணிக்கை சரியாக வந்தது. அங்கிருந்த வயதான தொழிலாளி ஒருவர், "மூட்டைய எண்றாப்ல எண்ணாதீங்க தம்பி, பேரச் சொல்லி எண்ணுங்க" என்றார். மண்டோர் மறுபடி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கீழே ஒருவர் இருந்தார். வேறு ஹேட்சிலிருந்து மழைக்கு ஒதுங்க வந்து நின்ற ஆள் ஒருவர் கணக்கில் சேர்ந்திருந்ததால்தான் முதல் எண்ணிக்கை சரியாக வந்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் எண்களை அஞ்சத் தொடங்கினேன் என்றே சொல்ல வேண்டும். கூட்டல் சரியாக இருந்தும் ஆள் இருட்டில் இருக்கலாம்.

நம் முன்னோர் இந்த மண்ணில் எப்படி எண்ணப்பட்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இந்தத் துறைமுகம் 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்தது. 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களில் பலர் கரையிறங்கியது இங்கே. வெள்ளைக்காரர் காலத்துக் குடியேற்றக் கப்பல்களின் விதிகளில் 'முழு ஆள்' என்று ஓர் அளவு இருந்தது. இரண்டு சிறுவரைச் சேர்த்தால் ஒரு முழு ஆள். கப்பலில் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு, எத்தனை முழு ஆள் என்பது வேறு கணக்கு. இடமும் சோறும் இரண்டாவது கணக்குப்படி. தோட்டத்தில் கங்காணிக்குத் தலைக்காசு. அவர் கொண்டுவந்த ஆட்களில் அன்றைக்கு வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைத்த காசு. இலங்கை மலையகத்தில் இன்னும் 'அரைப்பேர்' என்ற சொல் இருக்கிறது. பறித்த கொழுந்தின் எடை குறைந்த நாளில் முழுச் சம்பளம் விழாது, அரைப்பேர்தான் விழும். கொழுந்து பறித்த பெண் காலையிலிருந்து முழுதாகத்தான் நின்றிருப்பார்.

இதையெல்லாம் படித்தபோது ஆபெக் சொன்ன பதில் எனக்கு விளங்கியது. வெறும் எண் வேறு, எண்ணப்படுவது வேறு. எது ஒன்று என்பதை எண்ணுகிறவனுக்கு முன்பே யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். ரப்பரிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். புகையிட்ட ஷீட் ரப்பர் ஒன்பது கட்டு ஒரு டன். 1965-இல் எஸ்.எம்.ஆர். என்ற ரப்பர் தரமுறை வந்து, ஒரு கட்டு 33.33 கிலோ என்று ஆனபோது முப்பது கட்டு ஒரு டன். ரப்பர் அதேதான், 'ஒரு கட்டு' மட்டும் மாறியது. கட்டு மாறினால் எண்ணுகிறவனின் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். ஆளின் அளவை அப்படி மாற்றியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு கண்டெய்னர் எல்லாவற்றையும் மூடியது. 1986-இல் கண்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. மூட்டை எண்ணும் கைகள் குறைந்துகொண்டே வந்தன. இன்று உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் ஒரே 'ஒன்று'தான், இருபது அடிப் பெட்டி. நாற்பது அடிப் பெட்டி கண்ணுக்கு ஒன்று, கணக்கில் இரண்டு. போர்ட் கிள்ளான் இப்போது ஆண்டுக்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இருபது அடிப் பெட்டிகளின் கணக்கைக் காட்டுகிறது. உள்ளே அரிசியா, பொம்மையா, இரும்பா என்று அந்த எண் கேட்பதில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூட்டை சுமந்து கழுத்து இறங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரம் போனது நல்லதுதான்.

ஓய்வுக்குப் பிறகு பூலாவ் இண்டாவில் ஒரு கிடங்கில் இரவு நேரத்து வருகைப் பதிவு பார்க்கிறேன். வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷிகள், நேப்பாளிகள். ஒருநாள் அவர்களின் மேற்பார்வையாளர், "ஏக்ஜோன் ஆஷே நாய்" என்றார். ஒருவர் வரவில்லையாம். சற்று நேரம் கழித்து அவரே பலகையடுக்கைக் காட்டி 'ஏக்டா' என்றார். நான் நிறுத்திக் கேட்டேன். வங்காளத்தில் பொருளானால் ஏக்டா, ஆளானால் ஏக்ஜோன். பக்கத்தில் நின்ற நேப்பாளித் தம்பி தங்கள் மொழியிலும் அப்படித்தான் என்றார். பொருளுக்கு 'ஏவுடா', மனிதருக்கு 'ஏக் ஜனா'. நான் அவர்களுக்கு ஒன்று, ஒருவர் இரண்டையும் சொல்லிக் காட்டினேன். அந்த வயதான தொழிலாளி மழையில் நின்று கேட்டது எத்தனை மொழிகளின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது என்று எண்ணி அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது.

கிடங்கின் படிவத்தில் வருகையை எழுதும் கட்டத்துக்கு மேலே 'ஹெட்கவுண்ட்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கேட்பது ஓர் எண் மட்டும். நான் எண்ணை எழுதிவிட்டுக் கீழே ஒவ்வொருவர் பெயரையும் எழுதுகிறேன். பங்களாதேஷிகளில் முகம்மது என்று தொடங்கும் பெயர்கள் பல. குமில்லா, நொவாகாலி என்று ஊரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.