ஊக்குநர் அக்காக்களுக்கு

தர்மபுரி மாவட்டத்து மகளிர் குழு ஊக்குநர் அக்காக்களே,

சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துவிட்டேன். களப்பணி அறிக்கையின் நன்றியுரைப் பக்கத்தில் கல்லூரி முதல்வர், துறைத்தலைவர், மேற்பார்வையாளர், தொண்டு நிறுவன இயக்குநர் என்று வரிசையாக எல்லாரும் இருக்கிறார்கள். சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் பக்கம் அது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்வோம். அதில் உங்களுக்கு இடம் கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

சுயஉதவிக் குழு பற்றிய பாடம் வங்கதேசத்தில் தொடங்கும்: 1976, ஜோப்ரா கிராமம், முகமது யூனுஸ். தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டில் அரசு இந்த வேலையை ஆரம்பித்த இடம் நம் மாவட்டம். 1989-இல், கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்திருந்த காலத்தில், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதன்முதலாகக் குழுக்கள் அமைத்தது இங்கேதான். குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை நபார்டு தொடங்கியது 1992-இல். பின்னாளில் மாநிலம் முழுக்கப் பரவிய 'மகளிர் திட்டம்' தொடங்கியதே 1997-இல்தான். பெண்சிசுக் கொலை, குழந்தைத் திருமணம், ஃபுளோரைடு தண்ணீர் என்றால் மட்டும் செய்தியில் வரும் மாவட்டம் இது. குழுக்கள் இங்கே தொடங்கிய சேதியை எங்கள் வகுப்பிலேயே யாரும் சொல்லவில்லை. பென்னாகரம் பக்கத்தில் மூத்த ஊக்குநர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய குழுக் கூட்டம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். புளி சீசன். பாதிப் பேர் கொட்டை எடுத்துக்கொண்டேதான் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சேமிப்பை எண்ணி முடித்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கணக்கை உரக்க வாசித்தார். பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் இடுப்பில். பிறகு கடன் கேட்கும் நேரம். ஓர் அக்கா மாடு வாங்கப் பணம் வேண்டும் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அடகில் இருக்கும் பைக்கை மீட்க அவர் வீட்டுக்காரர் அலைவது ஊருக்கே தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. ஊக்குநர் மட்டும், "நல்லதாப் போச்சு. சந்தைக்கு நாங்க மூணு பேர் கூட வர்றோம், மாட்டைப் பார்த்து அங்கேயே பணத்தைக் கட்டிக்கலாம்" என்றார். கேட்ட அக்காவின் முகம் வாடவில்லை, தெளிந்தது. வீட்டில் போய், "பணத்தைக் கையில தர குழுவுல ஒத்துக்கல" என்று சொல்லிவிடலாம். பழி குழுவுக்கு, அடி யாருக்கும் இல்லை.

தனிநபர் சமூகப்பணிக்காக ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் எழுதிய ஏழு கோட்பாடுகளை நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்பிடாமை, இரகசியம் காத்தல் என்று போகும். அந்தப் பாயில் ஐந்து நிமிடத்தில் எல்லாம் நடந்து முடிந்தது. அடுத்ததாக யாருக்குத் தவணை பாக்கி என்று பேச்சு போய்விட்டது. ஒரு பெண்ணால் தனியாகச் சொல்ல முடியாத 'மாட்டேன்' என்பதைப் பன்னிரண்டு பேராகச் சொல்ல வைப்பது குழுப்பணி என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அதைக் கற்றுக்கொடுத்ததற்குத்தான் முதல் நன்றி.

இரண்டாவது நன்றி, உங்கள் கோபத்துக்கு. தனியார் நிதி நிறுவனங்களும் இப்போது 'குழு லோன்' என்றுதான் வருகின்றன. சேமிப்பு கிடையாது, கூட்டத்தில் பேச்சு கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் உட்கார வேண்டும். கடன் வசூலில் நடக்கும் அடாவடியைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இந்த மாதிரிக் கடன்களையும் நிதி உள்ளடக்கம் என்று பவர்பாயிண்டில் பார்த்துவிட்டு வந்த என்னிடம், "எங்க குழுவுல வட்டி எங்க பெட்டிக்கே வரும், அவங்க வட்டி எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டீர்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு அங்கேயே கிடைத்தது.

ஒரு குறையும் உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் எங்களை அனுப்புகிறார்கள். நீங்கள் கூலி வேலையை விட்டு வந்து சொல்லித்தருகிறீர்கள். ஆனால் எங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை தொண்டு நிறுவன அதிகாரிக்குத்தான். அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

இந்த ஆண்டு ஜூனியர்கள் வருவார்கள். நாற்காலி தேடாதீர்கள், பாயிலேயே உட்காரட்டும். தீர்மான நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். தொகை தப்பினால் மட்டும் விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய களப்பணி மாணவி