எமயெகியின் இரு கரைகள்

எஸ்தோனியாவின் நடுவே வெர்ட்ஸ்யார்வ் ஏரி 270 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. ஆழமோ சராசரியாக மூன்று மீட்டர்கூட இல்லை. அதன் வடகிழக்கு மூலையில் புறப்படும் எமயெகி ஆறு, கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் நடந்து பெய்ப்சி ஏரியில் சேர்கிறது. இரண்டு ஏரிகளின் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நான்கு மீட்டர்தான். பனி உருகும் இளவேனிலில் வடக்கிலிருந்து பெத்யா ஆறு வெள்ளத்தோடு வந்து கலக்கும்போது, எமயெகியின் மேல்பகுதி திசைமாறி ஏரிக்கே திரும்பி ஓடுவதும் உண்டு.

வாட்டமே இல்லாத இந்த ஆற்றை மனதில் வைத்துக்கொண்டுதான் அதன் கரையிலுள்ள தார்த்து நகரத்து வீடுகளைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வடிய வழியில்லாத ஊரில் மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்பதில் அந்தஸ்து முழுவதும் அடங்கிவிடுகிறது. பல நூற்றாண்டுகளாக ஜெர்மன் பேசியவர்கள் மேட்டில் இருந்து ஆண்டார்கள். எஸ்தோனிய மொழி பேசிய குடியானவர்களின் பிள்ளைகள் தாழ்ந்த கரையில் வந்து குடியேறினார்கள். அந்தத் தாழ்ந்த கரையிலிருந்துதான் ஒரு நாடு எழுந்தது என்பது என் எண்ணம்.

ஏரியை விட்டதும் ஆறு நெடுந்தொலைவு சதுப்புக்குள் போகிறது. அலம்-பெத்யா காப்புப் பகுதியில் பெயர் சொல்லும்படி ஊரே கிடையாது. கேரவெரெயில் தாலின் நெடுஞ்சாலைப் பாலத்தைக் கடந்த பிறகே மனித நடமாட்டம் தெரிகிறது. இன்னும் சிறிது தூரத்தில் தார்த்து.

ஊருக்குள் ஆறு நுழையும் இடத்தில், வலக்கரையில் இருப்பது சூப்பிலின். இங்கே தெருக்களுக்கு உருளைக்கிழங்கு, பட்டாணி, அவரை, முலாம்பழம் என்று தோட்டத்துப் பெயர்கள். வீடுகள் எல்லாம் மரம். கருங்கல் அடித்தளத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, வெளியே பலகை அடித்து, இரண்டு மாடிக்கு உயர்த்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே சில இடங்களில் செங்கல்லில் ஒரு மொட்டைச் சுவர் கூரைக்கு மேல் வரை எழும்பி நிற்கும். ஒன்று பற்றினால் மற்றதற்குத் தாவாமலிருக்கக் கட்டிய நெருப்புச் சுவர் அது. பின்கட்டில் விறகுக் கொட்டகை. பக்கத்திலேயே ஆப்பிள் மரம். 1867-இல் எமயெகி இதுவரை காணாத அளவுக்குப் பெருகியபோது முதலில் முழுகிய இடங்களில் இதுவும் ஒன்று. சோவியத் காலத்தில் இதை இடித்துத் தள்ளத் திட்டம் போட்டார்கள், அது நடக்கவில்லை. இங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பெயர்ப்பலகை ஏறாதவர்கள்: கூலிக்காரர்கள், தையற்காரர்கள், வாடகை அறையில் தங்கிப் படித்த மாணவர்கள். பெரியவர்களின் வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் இந்தத் தெருக்களைத் தாண்டிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

அடுத்து தோமே குன்று. பாழடைந்த பேராலயத்தின் செங்கல் சுவர்கள் அதன் உச்சியில் நிற்கின்றன. ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் 1632-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், போர்களில் மூடப்பட்டு 1802-இல் மறுபடி திறந்தபோது, இந்தக் குன்றையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டது. 1810-இல் எழுந்த வானாய்வகத்துக்கு 1824-இல் ஃபிரௌன்ஹோபர் செய்த தொலைநோக்கி வந்து சேர்ந்தது. ஒளிவிலகல் தொலைநோக்கிகளில் அன்று உலகிலேயே பெரியது அதுதான். அதன் முன்னே உட்கார்ந்து வானியலாளர் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரூவ ஆயிரக்கணக்கான இரட்டை நட்சத்திரங்களை அளந்தார். பூமியின் வடிவத்தை அறிய நார்வேயிலிருந்து கருங்கடல் வரை 2,820 கிலோமீட்டருக்கு முக்கோணங்களைக் கோத்து அவர் நடத்திய அளவை 1816 முதல் 1855 வரை நீண்டது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. இந்த வானாய்வகமும் அதன் புள்ளிகளில் ஒன்று.

குன்றின் மேற்குச் சரிவை ஒட்டிய வெஸ்கி தெருவில் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த வீடு இருக்கிறது. பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827-இல் கண்டறிந்தவர். கருவியலின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். உலகெல்லாம் சுற்றிவிட்டு, தாம் மருத்துவம் படித்த ஊருக்கே அவர் திரும்பியது 1867-இல், அதாவது ஆறு பெருகிய அதே ஆண்டில். பூமியின் சுழற்சியால் வட அரைக்கோளத்து ஆறுகள் வலக்கரையை அரிக்கின்றன என்று 1860-இல் ஒரு விதி சொன்னவரும் அவர்தான். அதற்கு வோல்கா போன்ற பேராறுகளில் உதாரணம் காட்டலாம். எமயெகியின் சோம்பல் நீருக்கு அந்த வலு கிடையாது. தோமே குன்று பனிப்பாறைக் காலத்துக்கும் முந்தைய ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பு. ஆனாலும் வலக்கரை உயர்ந்தும் இடக்கரை தாழ்ந்தும் இருக்கும் ஒரு ஊரிலேயே அந்த விதியைச் சொன்னவர் வந்து அடங்கினார். 1876-இல் அவர் இறந்தார். பத்தாண்டுகள் கழித்துக் குன்றில் வைத்த அவருடைய சிலைக்கு, ஏப்ரல் கடைசி இரவில் மாணவர்கள் ஷாம்பெயினில் தலைமுழுக்காட்டுகிறார்கள்.

குன்றிலிருந்து கீழே இறங்கினால் நகர மன்றச் சதுக்கம். 1775-இல் ஊரின் நடுப்பகுதியை எரித்த தீக்குப் பிறகு கட்டியது அத்தனையும். ஆற்றை நோக்கிய முனையில், 1793-இல் எழுந்த ஒரு வீடு ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் ஒரு பக்கச் சுவர் இடைக்காலத்துக் கோட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கம் சேற்றில் பதித்த மரக்கட்டைகளின் மேல். மரம் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை கெடுவதில்லை. நிலத்தடி நீர் இறங்கியதும் காற்றுப் பட்டு உளுத்தது, அந்தப் பக்கம் அமிழ்ந்தது. ஜன்னல்களின் வரிசையைக் கண்ணால் தொடர்ந்தால், பக்கத்துக் கட்டிடத்தின் வரிசையிலிருந்து அது மெல்ல விலகிப் போவது தெரியும். ஊர் மக்கள் இதைப் பார்க்ளே வீடு என்கிறார்கள். நெப்போலியனைப் பின்வாங்கியே களைக்க வைத்த ரஷ்யத் தளபதி பார்க்ளே டி டோலியின் பெயர் அது. ஆனால் அவர் 1818-இலேயே இறந்துவிட்டார். மறுவருடம் இதை வாங்கியவர் அவருடைய மனைவி. பெயர் என்னவோ கணவருடையதாகவே நிலைத்துவிட்டது. இப்போது உள்ளே நகரத்தின் கலை அருங்காட்சியகம் இருக்கிறது.

சதுக்கத்தின் எதிரே ஆற்றைக் கடப்பது வளைவுப் பாலம். இந்த இடத்தில் முன்பு இருந்தது ரஷ்யப் பேரரசி கத்தரீன் உதவியில் 1784-இல் முடிந்த கல்பாலம். 1941-இல் பின்வாங்கிய செம்படை அதைத் தகர்த்தது; எஞ்சியதை 1944-இல் ஜெர்மானியர் தகர்த்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஊரில் பாதிக்கு மேல் அழிந்தது. இன்று ஆற்றின் இருபுறமும் புல்லும் மரமுமாகப் பரந்து கிடக்கும் பூங்காக்கள் ஒருகாலத்தில் நெருக்கமான தெருக்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டு அங்கே நடக்கிறவர்களுக்கு அந்தப் பசுமை இனிமையாக இருக்காது.

அக்கரையில், யாமா தெருவில், வனெமுய்னெ என்ற எஸ்தோனியப் பாடல் சங்கத்தின் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது பாடல் விழா அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் யோஹான் வோல்தெமார் யான்சென். ஆலை வேலைக்காரரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகி, பேர்ணு நகரில் எஸ்தோனிய மொழிப் பத்திரிகை நடத்தி, 1860-களில் குடும்பத்தோடு தார்த்துக்கு வந்தார். 1869-இல் அவர் முன்னின்று கூட்டிய முதல் பாடல் விழாவுக்கு நாடெங்கிலுமிருந்து ஆண்கள் பாடகர் குழுக்கள் வந்தன. கச்சேரி நடந்த தோட்டம் இந்தத் தாழ்ந்த கரையில்தான். அங்கே பாடிய ஒரு பாட்டு, யான்சென் வார்த்தைகள் எழுதியது, இன்று தேசிய கீதம். தார்த்து அடங்கிய லிவோனியாவில் பண்ணையடிமை முறை ஒழிந்து அப்போது ஐம்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவருடைய மகள் லிதியா கொய்துலாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவின் பத்திரிகையில் பெயர் போடாமல் எழுதி, திருத்தி, வேலை பார்த்தவர். 1867-இல் வெளியான ‘எமயெகியின் இராக்குயில்’ என்ற கவிதைத் தொகுப்பிலும் அவர் பெயர் இல்லை. 1870-இல் சங்கத்துக்காக எழுதிக் கொடுத்த நாடகத்திலிருந்துதான் எஸ்தோனிய நாடக மேடையின் வரலாறு தொடங்குகிறது. 1873-இல் ஒரு லாத்வியப் படை மருத்துவரை மணந்து குரோன்ஷ்தாத் போனவர், 1886-இல் அங்கேயே இறந்தார். பேராசிரியர்களுக்கு மேட்டில் சிலை எழுந்த ஊரில், ஒரு மொழியின் முதல் பெருங்கவிஞரான பெண் பத்து வருடத்துக்குள் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். 1919 டிசம்பர் 1 அன்று பல்கலைக்கழகம் எஸ்தோனியப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்டபோது குன்றின் மேலும் அந்த மொழி ஏறியது.

இடக்கரையின் வடகோடியில் ராதி கல்லறைத் தோட்டம். 1773-இல் திறந்தது. பேயர் இங்கேதான் கிடக்கிறார். பண்ணையடிமைகளுக்கு மகனாகப் பிறந்து மருத்துவராகி எஸ்தோனியரின் ‘கலெவிபொயெக்’ காவியத்தைத் தொகுத்து இயற்றிய கிராய்ட்ஸ்வால்டும் இங்கேதான். வேரு ஊரில் 44 ஆண்டுகள் வைத்தியம் பார்த்த அவர், முதுமையில் தார்த்துக்கு வந்து 1882-இல் காலமானார். நாட்டுப்புற வழக்காறுகளை லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சேகரித்த யாக்கோப் ஹுர்த்தும் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்து இங்கே அடக்கமானார்.

வலக்கரையில், ரீயா தெரு ஏற்றத்தில், ‘வசந்தம்’ என்ற பள்ளிக்கூட நாவலால் நாடே அறிந்த ஒஸ்கார் லுட்ஸ் 1936-இல் கட்டி, 1953-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. மருந்தாளராக வேலை பார்த்தவர், எழுதிச் சம்பாதித்து மேட்டில் வீடு கட்டினார். ஆற்றோடு இன்னும் கீழே போனால் கார்லோவா. அங்கே ரஷ்யப் பத்திரிகையாளர் ஃபத்தெய் புல்காரின் வாழ்ந்த பண்ணை மாளிகை மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் மர வீடுகள்.

ஊரைத் தாண்டிய எமயெகி லூன்யாவையும் கவாஸ்து படகுத்துறையையும் கடந்து மறுபடியும் பெருஞ்சதுப்புக்குள் போகிறது. பிராகாவில் பெய்ப்சி ஏரி. 3,555 சதுர கிலோமீட்டர். நடுவே ரஷ்ய எல்லை. இந்த முகத்துவாரம் வழியாகத்தான் லோதி என்னும் தட்டையடிப் பாய்மரப் படகுகள் ஏரிக்கரைக் காடுகளின் விறகை ஏற்றிக்கொண்டு மேலேறித் தார்த்துத் துறைக்கு வந்தன. மேட்டு வீடு, பள்ளத்து வீடு எல்லாவற்றுக்கும் குளிர்காலக் கணப்பு அதில்தான். ரயிலும் லாரியும் வந்தபின் அந்தப் படகுகள் மறைந்தன. ஆர்வலர்கள் சிலர் பழைய முறையிலேயே ஒன்றைக் கட்டி 2006-இல் நீரில் இறக்கினார்கள். அதன் பெயர் யொம்மு. இப்போது அதில் விறகுக்குப் பதில் பயணிகள்.