ராயக்கோட்டையில் வீட்டுக் காப்பகம்: தேடலும் தொழிலும்

தக்காளி மண்டிக்கும் ரோஜாத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற ராயக்கோட்டையிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண், தன் கைக்குழந்தையைப் பகலில் யாரிடம் விடுவது என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு விடை சொல்கிறது. தெரு வேறொரு விடை சொல்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை அளித்ததோடு, 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் விதித்தது. இவ்விதி ஓசூரில் வசிப்பவருக்கு ஓரளவு பயன்படலாம். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, நெடுந்தூரம் போய்வரும் ராயக்கோட்டைப் பெண், அந்தக் குளிரில் பச்சைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவாள் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமல்ல. ஐம்பது பேர்கூட இல்லாத சிறு பட்டறைகளுக்கும், ரோஜாத் தோட்டக் கூலிகளுக்கும் இவ்விதியே பொருந்தாது.

மறுபுறம் அங்கன்வாடி இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்ற பெயரில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இத்திட்டம், தமிழ்நாட்டில் இரண்டு வயது நிறைந்த குழந்தையைத்தான் மையத்தில் உட்காரவைக்கிறது. அதற்குக் குறைந்த வயதுடையவற்றுக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகுமே தவிர, குழந்தை மையத்துக்கு வருவதில்லை. விடுப்பில் எட்டு வாரம்வரை பேறுக்கு முன்பே எடுத்துவிட்டால், தாய் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் கடந்திருக்கும், அவ்வளவுதான். அந்த நான்கு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தை, மாமியாரோ அம்மாவோ உடன் இல்லாத குடும்பங்களில், அடுத்த தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவே சுமக்கிறார். மத்திய அரசின் காப்பகத் திட்டமும் (இன்று அதன் பெயர் பால்னா) நாளுக்கு ஏழரை மணி நேரத்தையே கணக்கில் கொண்டது. எட்டு மணி நேர ஷிஃப்டோடு பயண நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் அது போதாது என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்த அக்காவின் வீட்டுக்கென்று எழுதப்பட்ட தனி உரிமம் இங்கே இல்லை. பிரான்சில் தம் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்ப்பவர் அரசின் அங்கீகாரமும் பயிற்சியும் பெற்றே தொழில் செய்கிறார். ஜப்பானில் ஒருவர் மூன்று குழந்தைகளை, உதவியாளர் இருந்தால் ஐந்து குழந்தைகளை வீட்டில் பார்க்கலாம் என்று வரம்பு உண்டு. இங்கே அவ்வாறு வரம்பு வகுத்துச் சோதிப்பவர் இல்லாததால், நம்பகமான வீட்டைத் தேடும் பெற்றோரே சோதனையாளராகவும் ஆக வேண்டியிருக்கிறது.

இந்தச் சோதனையைத் தொழில் தெரிந்தவர்கள் சுவர்ச் சித்திரங்களிலிருந்தும் பொம்மைகளிலிருந்தும் தொடங்குவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, கேஸ் அடுப்பு உள்ள இடத்துக்குத் தவழும் குழந்தை போய்விட முடியுமா என்பவையே முதற்கேள்விகள். தோட்டம் வைத்திருக்கும் வீடானால், பூச்சிமருந்துப் புட்டிகள், குறிப்பாகக் காலியென்று திண்ணையோரம் போட்டுவைத்தவை, எங்கே கிடக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நடக்கத் தெரியாத குழந்தைகள் எத்தனை என்பது அடுத்த கேள்வி. தீப்பிடித்தால் ஒரு பெண் இரு கைகளிலும் அள்ளிக்கொண்டு வெளியே வரக்கூடிய எண்ணிக்கை இரண்டுதான். அதற்கு மேல் ஏற்பவர் எவ்வளவு அன்பானவராயினும் கணக்குத் தெரியாதவர்.

தொழிலின் நுட்பம் முழுவதும் வாசலில் குழந்தை கைமாறும் அந்தச் சில நிமிடங்களில் வெளிப்படும். பஸ்ஸுக்கு ஓடும் தாயை நிறுத்தி, கடைசியாக எப்போது பால் குடித்தது, இரவில் உடம்பு சுட்டதா, வெளிக்குப் போனதா, மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்பவரும், பீய்ச்சிக் கொடுத்த தாய்ப்பாலை வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அறிந்தவரும், விடியலில் வந்த குழந்தையை விளக்கைப் போட்டு எழுப்பிவிடாமல் மீண்டும் தூங்கவைப்பவரும் இந்த வேலையை வேலையாகக் கற்றவர்கள். ஷிஃப்ட் மாறும் வாரங்களில் குழந்தையின் தூக்கமும் பசியும் சேர்ந்தே மாறுவதை அவர்கள் முன்கூட்டியே எதிர்பார்க்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இவ்வூரில், குழந்தை வீட்டில் எந்த மொழியில் தண்ணீர் கேட்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

கட்டணத்துக்கு வந்தால் கணக்கு கசக்கிறது. நான்கு தாய்மார் தத்தம் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கொடுத்தாலும், பார்த்துக்கொள்பவருக்குச் சேர்வது ஒரு தாயின் சம்பளத்தில் பாதிதான். வாடகையும் கேஸும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். கட்டணம் குறைவென்றால் ஒன்று அவர் வயிறு காய்கிறது, இல்லையேல் குழந்தைகளின் எண்ணிக்கை கூடுகிறது. பெற்றோரின் பையிலிருந்து மட்டும் இந்த இடைவெளி நிரம்பாது. நிறுவனம் தனியாகவோ பொது வசதியாகவோ காப்பகம் அமைக்கலாம் என்று சட்டம் இடம் தருவதால், ஓசூர் நிறுவனங்கள் சேர்ந்து, தம் பஸ்கள் நிற்கும் ஊர்களிலேயே இத்தகைய வீடுகளுக்குப் பணம் தருவது சட்டத்தின் நோக்கத்துக்கு ஒத்ததே. எல்லைக்கு அப்பால் கர்நாடகம் 2023இல் கூசின மனெ என்ற பெயரில், ஊரக வேலைத் திட்டப் பெண்களின் குழந்தைகளுக்காகக் கிராம ஊராட்சிகளிலேயே காப்பகம் அறிவித்தது. இக்கரையில் அதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

அதுவரை இவ்வூரில் தேடும் பெற்றோர், விளம்பரப் பலகையை நம்புவதைவிட, தெருவிலுள்ள குழந்தைகளை எடைபார்த்துப் பதிவேட்டில் எழுதும் அங்கன்வாடிப் பணியாளரிடம், தன்னிடம் விடப்பட்ட பிள்ளைகளை எடைபார்க்கத் தவறாமல் அழைத்துவருபவர் யார் என்று கேட்டு, அந்த வீட்டுக்கு வேலை நேரத்தில், சொல்லாமல் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.