8,000 ரூபாய் உதவித்தொகையும் ஒரு விளையாட்டுக் கணினியும்

விளையாடுவதற்காகக் கணினி வாங்கப் போவதாக ஆய்வு மாணவர் எவரும் வீட்டில் சொல்வதில்லை. ஆய்வேட்டுக்கு என்றுதான் சொல்கிறார்கள். தில்லியின் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடைக்கால வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரும் அப்படித்தான் சொன்னார். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் உதவித்தொகை கிடைக்காத இவருக்கு 8,000. அதில் மெஸ் கட்டணமும் நகலெடுக்கும் செலவும் போக மிஞ்சுவதைச் சேர்த்து 40,000 ரூபாய்க்குக் கணினி வாங்குவது ஒரு வகையில் அத்துமீறல்தான். ஆனால் அந்த அத்துமீறலை அவர் மிகுந்த கணக்கோடு செய்தார்.

தவணையில் விளையாட்டு மடிக்கணினி வாங்கிவிடலாம் என்றனர் நண்பர்கள். மடிக்கணினியில் செயலியும் கிராபிக்ஸ் சில்லும் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும் நாளில் கையில் எவ்வளவு இருந்ததோ, அதுவே அக்கருவியின் ஆயுட்கால வலிமை. தனித்தனிப் பாகங்களாக வாங்குவோர் தம் வறுமையைக் காலத்தின் மீது பரப்பிக்கொள்ளலாம். இன்று வாங்கியதை எறியாமலே இன்று இயலாததை அடுத்த ஆண்டு சேர்க்கலாம். எதை ஒத்திவைக்கலாம், எதை ஒத்திவைக்கலாகாது என்று பிரித்தறிவதுதான் இதில் கடினம்.

முதலில் ஒத்திவைக்கப்பட்டது கிராபிக்ஸ் கார்டு. பட்டியலிலேயே விலை மிகுந்தது அது. 2021இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 5600ஜி என்னும் ஆறு கோர் செயலிக்குள்ளேயே வேகா கிராபிக்ஸ் பகுதி உண்டு என்பதால் தனிக் கார்டு இன்றியே திரையில் படம் வரும். இதற்கும் ஒரு விலை உண்டு. பெயரில் ஓர் எழுத்து மட்டும் குறைந்த 5600 செயலியில் எல்3 கேஷ் 32 எம்பி; இதில் 16 எம்பி. அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவர் ஆட விரும்பியது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அதில் 2022இல் இந்திய அரசமரபுகள் சேர்க்கப்பட்டபோது இராசேந்திர சோழனின் படையெடுப்பும் இடம்பெற்றது. வரலாற்று மாணவி ஒருவர் அதை ஆய்வு என்று சொல்லிக்கொள்வதில் முழுப் பொய்யும் இல்லை.

நேரு பிளேஸில் கடைக்காரர் 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனைபோலத் தோன்றும். ஆனால் உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமிடமிருந்துதான் கடன் வாங்கும். ஒற்றைக் குச்சி என்றால் தரவு செல்லும் வழி ஏறத்தாழ பாதியாகிவிடும், விளையாட்டு தடுமாறும். கொள்ளளவை ஒத்திவைக்கலாம், இரட்டை வழியை ஒத்திவைக்கலாகாது. எனவே 8 ஜிபி குச்சிகள் இரண்டு.

பெரும்பாலோர் சறுக்குவது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். மலிவான கேபினட்டுகளோடு இனாம்போல ஒன்று சேர்ந்தே வரும். மேலே 450 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். செயலியும் கார்டும் உண்மையில் உண்பது 12 வோல்ட் வழியில் வரும் மின்சாரத்தை. அந்த வழி எவ்வளவு தாங்கும் என்பதைப் பக்கவாட்டில் உள்ள பொடி எழுத்து அட்டவணையில் தேட வேண்டும். பலவற்றில் மிகைமின்னோட்டத் தடுப்பு முறையாக இருப்பதில்லை. எரியும்போது மதர்போர்டையும் உடன் அழைத்துச் செல்லும். 80 பிளஸ் முத்திரைகூட மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதைத்தான் அளக்கிறது, உள்ளே உள்ள கப்பாசிட்டரின் தரத்தை அன்று. கார்டே இல்லாத கணினிக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் 550 வாட் எதற்கு மேடம் என்று கடைக்காரர் சிரித்தார். வரப்போகும் கார்டுக்காக என்றார் அவர். அந்தப் பணம் கேபினட்டிலிருந்து எடுக்கப்பட்டது: கண்ணாடியும் வண்ண விளக்கும் இல்லை. முகப்பில் வலை இருந்தால் போதும்; தில்லியின் மே மாதத்துக்கு அதுதான் தேவை.

ஓராண்டு கழித்துக் கார்டு தேடும் படலம் தொடங்கியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், நாணயச் சுரங்கங்களில் இரவுபகலாக உழைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றுள் ஆர்எக்ஸ் 580 மலிவு. ஆனால் அதே பெயரில் இரண்டு உண்டு: 2017இல் வந்த மூலக் கார்டில் கணிப்பு அலகுகள் 2304, பின்னர் சீனச் சந்தைக்கென வந்ததில் 2048, அதாவது ஆர்எக்ஸ் 570இல் உள்ள அளவே. பெட்டியைப் பார்த்து எளிதில் சொல்ல இயலாது. கடையின் கணினியில் பொருத்தி ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொன்னார். 2048 என்று காட்டியது. இரண்டும் ஒன்றுதான் மேடம் என்றார் விற்பவர். ஒன்றென்றால் விலையை 570க்கு உரியதாக்குங்கள் என்றார் இவர், அவர் இணங்கவில்லை. உதவித்தொகை வேறு அப்போது மூன்று மாதம் நிலுவை. கார்டை மேசையிலேயே வைத்துவிட்டு மெட்ரோவில் விடுதிக்குத் திரும்பினார்.